மழையும் சுவரும்

சென்னைப் பட்டணத்தில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக 1400 மில்லிமீட்டர். கனடா தேசத்தின் மேற்குக் கரையில் பசிபிக் சமுத்திரத்தை நோக்கியிருக்கும் வான்கூவர் நகரத்திலோ அது ஏறக்குறைய 1200 மில்லிமீட்டர்தான். அளவை மாத்திரம் வைத்துப் பார்த்தால் நம்முடைய சுவர்களே அதிகம் நனைய வேண்டும், அவையே அதிகம் கெடவும் வேண்டும். ஆயினும், 1980-க்குப் பிந்திய இருபது ஆண்டுகளுக்குள் வான்கூவரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எழுந்த ஆயிரக்கணக்கான அடுக்கு வீடுகள், கட்டிப் பத்தாண்டுகூட நிறையாத நிலையில், வெளிப்பார்வைக்கு யாதொரு குறையுமின்றி நின்றுகொண்டே உள்ளுக்குள் மக்கிப் போயின. தெருத் தெருவாகக் கட்டடங்களுக்குத் தார்ப்பாய் போர்த்திச் சாரங்கட்டிச் சுவர்களைப் பிரித்துப் பார்த்தபோது, வைரம் பாய்ந்திருக்க வேண்டிய மரக்கால்கள் கையால் பிடித்தாலே உதிரும் பக்குவத்தில் இருந்தன. இவற்றைப் பழுதுபார்க்க 400 கோடி கனடிய டாலர் வரையில் ஆகுமென்று மதிப்பிட்டார்கள். ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் அந்த வீடுகளில் போட்டிருந்த குடும்பங்கள் கடன்பட்டுத் தவித்தன. 1998-ஆம் ஆண்டில் வான்கூவர் அடங்கிய பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் அரசாங்கம், அம்மாகாணத்தின் முன்னாள் முதல் மந்திரியாகிய டேவ் பாரெட்டின் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷனை நியமிக்க நேர்ந்தது.

பூகம்பமில்லை, புயலில்லை, அஸ்திவாரம் இறங்கவில்லை. சாதாரண மழையினால் மாத்திரம் ஒரு நகரத்தின் வீடுகள் இப்படிக் கெட்டதற்குக் காரணம் என்ன என்பதை ஆராயப் புகுந்தால், கட்டடத்தின் புறப்போர்வையாகிய சுவரும் கூரையும் சாளரமும் தம்முள் எவ்வாறு கூடி வேலை செய்கின்றன என்ற சாஸ்திரம் முழுவதையும் தொட்டுவிடலாம்.

கட்டடம் என்றவுடன் நம்மில் பலருக்குத் தூணும் உத்தரமும் அஸ்திவாரமுமே நினைவுக்கு வருகின்றன. பாரத்தைத் தாங்குவது மகத்தான காரியந்தான். ஆனால் வீட்டுக்காரர்கள் செய்யும் புகார்களை எண்ணிப் பார்த்தால், தூண் சாய்ந்தது, உத்தரம் முறிந்தது என்பவை மிகச் சொற்பமாயும், ஒழுகுகிறது, ஓதம் ஏறுகிறது, புழுங்குகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது என்பவையே ஏராளமாயும் இருப்பதைக் காண்கிறோம். பாரந்தாங்கும் சாஸ்திரத்துக்கு நூல்களும் நிபுணர்களும் நிறைய உண்டு. போர்வையைப் பற்றிய சிந்தனையோ வெகுகாலம் கொத்தனாருடைய கைப்பழக்கத்தில் மாத்திரம் தங்கியிருந்தது. அதனைக் கிரமமாக எடுத்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள், கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த கட்டட ஆராய்ச்சிப் பிரிவினர். அவர்களுள் ஒருவராகிய நீல் ஹட்சியன், 1963 டிசம்பரில் வெளியிட்ட ஒரு சிறு பிரசுரத்தில், புறச்சுவர் செய்ய வேண்டிய வேலைகளை வரிசைப்படுத்தினார்: உஷ்ணத்தையும், காற்றையும், நீராவியையும், மழையையும், வெயிலையும், ஓசையையும், நெருப்பையும் அது கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும், பலமுடையதாகவும் நீடித்துழைப்பதாகவும் கண்ணுக்கு இனியதாகவும் இருக்க வேண்டும், இவ்வளவும் செய்து, விலையும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு சாதாரணச் சுவரின்மேல் இத்தனை கடமைகளை நாம் சுமத்தியிருக்கிறோம் என்பதை வீடு கட்டுகிறவர்களில் எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்?

அதே 1963-இல், சில மாதங்களுக்கு முன்னதாக, அதே பிரிவைச் சேர்ந்த ஜி. கே. கார்டன் என்பவர் மழை சுவரினுள் எப்படிப் புகுகிறது என்பதைப் பற்றி எழுதிய பிரசுரம், இந்தச் சாஸ்திரத்தின் மூலநூல்களில் ஒன்றாக மதிக்கத்தக்கது. அவருடைய வாதம் மிகவும் எளிது. மழை உட்புக மூன்று காரணங்கள் ஒருங்கே கூட வேண்டும்: சுவரின்மேல் நீர் இருக்க வேண்டும், அது நுழைய ஒரு துவாரம் இருக்க வேண்டும், அத்துவாரத்தின் வழியாக அதனைத் தள்ளுகிற அல்லது இழுக்கிற சக்தி ஒன்று இருக்க வேண்டும். மூன்றில் எந்த ஒன்றை நீக்கினாலும் ஒழுக்கு நின்றுவிடும். நாம் எல்லோரும் சுபாவமாக இரண்டாவதையே நீக்கப் பார்க்கிறோம். துவாரத்தைக் கண்டால் சிமெண்டை அப்புகிறோம், பசையைப் பிதுக்கி அடைக்கிறோம், வர்ணத்தைப் பூசுகிறோம். மூன்றினுள் நிரந்தரமாகச் சாதிக்க முடியாதது இதுதான் என்பதே கார்டனுடைய கட்சி. வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் இடையறாது அசைந்துகொண்டிருக்கும் ஒரு கட்டடத்தில், பலவகைப் பொருள்கள் ஒன்றையொன்று சந்திக்கும் நூற்றுக்கணக்கான மூட்டுகளில், தலைமயிர் அளவு விரிசல்கூட என்றைக்கும் உண்டாகாதபடி காப்பது மனிதராலாகிற காரியமன்று.

நீரை உள்ளே தள்ளும் சக்திகள் எவை என்று பார்த்தால், விழும் துளியின் வேகம் ஒன்று; புவியின் ஈர்ப்பு ஒன்று; நுண்ணிய பிளவினுள் நீர் தானாகவே உறிஞ்சப்பட்டு ஏறும் தந்துகிக் கவர்ச்சி ஒன்று; இவை எல்லாவற்றினும் வலியது காற்றழுத்தம். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சுவரில் நேராக மோதும்போது உண்டாகும் அழுத்தம், 24 மில்லிமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தைத் தாங்கவல்லது. அதாவது, சாளரத்தின் கீழ்ச்சட்டத்தில் தேங்கியிருக்கும் நீரை ஓர் அங்குல உயரம் மேல்நோக்கி ஏற்றி உள்ளே ஊற்றிவிடக் கூடியது. மழை மேலிருந்து கீழே விழுவது என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பொருத்துகிறவர் புயற்காலத்தில் திகைப்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் சக்தியை அடக்கக் கார்டன் விளக்கிய உபாயம் வினோதமானது. முதலில் கேட்பவருக்கு அது பித்துக்கொள்ளித்தனமாகக்கூடத் தோன்றும். சுவரை இரண்டு தட்டாகப் பிரித்து, வெளித்தட்டு மழையை வாங்கிக்கொள்ளவும், அதற்குப் பின்னால் சிறிது இடைவெளி விட்டு நிற்கும் உட்தட்டு காற்றைத் தடுக்கவும் வைத்து, வெளித்தட்டில் வேண்டுமென்றே திறப்புகளை விட்டுவிட வேண்டும் என்றார். காற்று அத்திறப்புகளின் வழியே இடைவெளிக்குள் சென்று நிறைந்ததும், வெளித்தட்டின் இரு புறமும் அழுத்தம் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. தள்ளும் சக்தி இல்லாதபோது நீர் துவாரத்தின் முன்னே நின்றாலும் நுழைவதில்லை. தப்பித்தவறி நுழைந்த சில துளிகளும் இடைவெளியில் வழிந்து, அடியில் வைத்த வழியாக வெளியேறிவிடுகின்றன. இதனை மழைத்திரை என்று கட்டட நிபுணர்கள் வழங்குகிறார்கள். மழை வரும் என்பதையும், அதில் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும் என்பதையும் முன்னதாகவே ஒப்புக்கொண்டு, அது திரும்பிப் போக வாசல் வைத்திருப்பதே அதன் விசேஷம்.

இனி வான்கூவருக்கு வருவோம். அங்கே மக்கிப்போன வீடுகள் கட்டப்பட்டபோது கார்டனுடைய பிரசுரம் வெளியாகி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கடந்திருந்தன என்பதும், அது வெளியானது அதே தேசத்தின் அரசாங்க ஆராய்ச்சிச் சாலையிலிருந்து என்பதும் கவனிக்கத்தக்கவை. அறிவு இருந்தது, கட்டியவர்களிடத்தில் அது போய்ச் சேரவில்லை.

அந்தச் சுவர்களின் அமைப்பை வெளியிலிருந்து உள்ளே செல்லும் கிரமத்தில் சொல்கிறேன். வெளிப்புறத்தில் ஸ்டக்கோ என்னும் சிமெண்டுப் பூச்சு. அதற்குப் பின் இடைவெளி ஏதுமில்லாமல் ஒட்டினாற்போல் ஒரு தார்த்தாள். அதன் பின் பிளைவுட்டோ, அல்லது மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையோ. பிறகு மரக்கால்களும், அவற்றின் நடுவே குளிரைத் தடுக்கத் திணித்த கண்ணாடியிழைப் பஞ்சும். அதற்கும் உள்ளே, வீட்டிலிருந்து எழும் நீராவி சுவருக்குள் போகாதபடி ஒரு பிளாஸ்டிக் தாள். கடைசியாக, அறைக்குள் நாம் காணும் ஜிப்சம் பலகை. மத்தியதரைக் கடற்கரை வீடுகளையும் கலிபோர்னியா வீடுகளையும் பார்த்து ஆசைப்பட்டு, வளைவு வாசல்களும் தட்டையான தலையுள்ள கைப்பிடிச் சுவர்களும் ஏராளமான பால்கனிகளும் வைத்து, கூரையின் இறவாரத்தை அடியோடு நீக்கிவிட்டார்கள். கலிபோர்னியாவின் தெற்குக் கரையில் வெயில் அதிகம், மழை குறைவு. அந்த அலங்காரத்தை மழை நாட்டில் கொண்டுவந்து நட்டதற்கு ரசனையைக் குறை கூறுவதா, அறியாமையைக் குறை கூறுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நகரத்தின் பரப்பளவு விதிகளும் தம் பங்குக்கு உதவி செய்தன. சுவரின் தடிப்பும் கட்டடப் பரப்பில் சேர்த்து எண்ணப்பட்டமையால், தடித்த சுவர் வைப்பவர் விற்கக்கூடிய இடத்தை இழந்தார்.

1996-ஆம் ஆண்டில் கனடாவின் மத்திய வீட்டுவசதி நிறுவனம் இப்பிரதேசத்தின் 46 கட்டடங்களைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தது. நீர் புகுந்த இடங்களைக் குறித்துப் பார்த்ததில், சுவரின் நடுப்பரப்பு பெரும்பாலும் நிரபராதியாக இருந்தது. சாளரத்தின் கீழ்மூலைகள், பால்கனித் தளம் சுவரைச் சந்திக்கும் கோடு, பால்கனிக் கைப்பிடிச் சுவரின் தலை பிரதான சுவரில் போய் முட்டும் மூலை, குழாய்களும் கம்பிகளும் துளைத்துச் செல்லும் இடங்கள் ஆகியவையே குற்றவாளிகளாக வெளிப்பட்டன. இறவாரம் இல்லாத சுவர்களில் கேடு மிகுதியாயும், அது நீள நீளக் கேடு குறைந்துகொண்டே வந்தும் இருந்தது. கார்டன் கூறிய மூன்று காரணங்களில் முதலாவதை, அதாவது சுவரின்மேல் நீர் படுவதையே, ஓர் இறவாரம் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. பாட்டன் காலத்துக் கொத்தனாருக்கு இதை எவரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை.

நீர் புகுந்ததற்குக் காரணம் இதுவென்றால், மரம் மக்கியதற்கு இது மாத்திரம் போதாது. வான்கூவரின் பழைய வீடுகளிலும் ஜன்னலோரத்தில் நீர் கசியத்தான் செய்தது. ஆனால் அவ்வீடுகளின் சுவர்களில் பஞ்சுமில்லை, பிளாஸ்டிக்குமில்லை. உள்ளே எரிந்த கணப்பின் உஷ்ணம் தாராளமாகச் சுவர் வழியே வெளியேறிற்று. போகிற வழியில் நனைந்த பலகையைக் காய வைத்தும் சென்றது. விறகுச் செலவு அதிகமாயினும், சுவர் உலர்ந்து நின்றது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதற்குப் பின் உஷ்ணத்தை வீணாக்கலாகாது என்ற நியாயமான எண்ணத்தினால் சுவர்களில் பஞ்சு தடித்தது, காற்றுப் புகும் சந்துகள் அடைபட்டன. உஷ்ணம் வெளியேறாத சுவரில் வெளிப்பலகை எப்போதும் குளிர்ந்தே இருக்கும். குளிர்ந்த பொருள் மெள்ளத்தான் காயும். உட்புறமாகக் காயலாமென்றால் பிளாஸ்டிக் தாள் தடுக்கிறது. வெளிப்புறமாகக் காயலாமென்றால் ஒட்டிப் பிடித்த பூச்சும் தாளும் தடுக்கின்றன. காய்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 28 பங்கு அளவுக்கு ஈரம் ஏறி நிலைத்துவிட்டால், மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்தாயிற்று. சென்னையைவிடக் குறைவாகப் பெய்யும் வான்கூவர் மழை அதிகக் கேடு செய்ததன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது: நமக்கு மழையின் பெரும்பாகம் ஏறக்குறைய 60 நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்து, பின்பு வெயில் வந்து சுவரை வறுத்தெடுக்கிறது, அங்கே ஆண்டில் 160 நாட்களுக்கு மேல், அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில், சிறு தூற்றலாகப் பெய்துகொண்டேயிருப்பதால், ஒரு முறை நனைந்த சுவர் காய்வதற்குள் மறுமுறை நனைந்துவிடுகிறது. எவ்வளவு நனைகிறது என்பதைவிட, நனைவதற்கும் காய்வதற்கும் உள்ள கணக்கில் எது மிஞ்சுகிறது என்பதே சுவரின் ஆயுளை நிர்ணயிக்கிறது.

அந்தப் பிளாஸ்டிக் தாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளிர்ந்த நீர் நிறைத்த செம்பின் வெளிப்புறத்தில் துளிகள் அரும்புவதைப் பார்க்கிறோம். செம்பு கசியவில்லை, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராக மாறுகிறது. குளிர்தேசத்து வீட்டில் சமையலாலும் குளியலாலும் மனிதர் மூச்சாலும் உண்டாகும் நீராவி, சுவரினுள் ஊடுருவிச் சென்று, குளிர்ந்திருக்கும் வெளிப்பலகையின் பின்புறத்தில் அப்படியே அரும்பும் என்று அஞ்சியே அத்தாளை உட்புறத்தில் வைத்தார்கள். அச்சம் நியாயமானதுதான், ஆனால் பலகையை ஊடுருவிப் பரவும் நீராவியைவிட, சிறு சந்துகளின் வழியே காற்றோடு சேர்ந்து பாயும் நீராவி எவ்வளவோ மடங்கு அதிகம் என்பதைப் பிற்காலத்தார் கணக்கிட்டுக் காட்டினர். ஜோசப் லிஸ்டிபுரெக் என்னும் கனடிய நிபுணர் தந்துள்ள புகழ்பெற்ற உதாரணமொன்று உண்டு: எட்டடி நீளமும் நாலடி அகலமுமான ஜிப்சம் பலகை ஒன்றின் வழியாக ஒரு குளிர்காலம் முழுவதும் ஊடுருவிப் பரவும் ஈரம் ஏறக்குறைய 300 மில்லிலிட்டர், அதே பலகையில் ஓரங்குலச் சதுரத்தில் ஒரு துவாரம் இருந்து, அதன் வழியே காற்றுப் பாய்ந்தால், அது கொண்டுசெல்லும் ஈரம் ஏறக்குறைய 28 லிட்டர். ஆகவே, முதலில் மழையையும், அடுத்துக் காற்றையும், அதற்கப்பால் நீராவியையும், கடைசியாகவே உஷ்ணத்தையும் தடுக்கும் ஏற்பாடுகளைக் கவனிக்க வேண்டும் என்பது அவருடைய கிரமம். வான்கூவரில் கடைசி இரண்டைச் சிரத்தையாகச் செய்து, முதலாவதைச் சீலண்டு என்னும் அடைப்புப் பசைக் குழாயை நம்பி விட்டுவிட்டார்கள்.

பாரெட் கமிஷனின் சிபாரிசுகளுக்குப் பின் 1998-இலேயே வீட்டுக்காரர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது. 1999 முதல் புது வீடுகளுக்கு வேலைப்பாட்டுக்கு 2 ஆண்டும், புறப்போர்வைக்கு 5 ஆண்டும், பாரந்தாங்கும் அமைப்புக்கு 10 ஆண்டும் உத்தரவாதம் கட்டாயமாக்கப்பட்டது. பிரித்த சுவர்களை மீண்டும் மூடியபோது பூச்சுக்கும் பலகைக்கும் நடுவே மரச்சட்டங்களை அறைந்து இடைவெளி விட்டார்கள். நனையும் பிரதேசங்களில் அவ்விடைவெளி 10 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது பிற்பாடு கனடாவின் கட்டட விதிகளிலும் ஏறிற்று. ஒரு விரல் தடிப்புள்ள அந்தக் காற்றிடம் முதலிலேயே விடப்பட்டிருந்தால், அந்தக் கமிஷனுக்கும் தார்ப்பாய்களுக்கும் தேவை வந்திராது.

நம்முடைய கடற்கரைப் பட்டணங்களில் இந்தச் சாஸ்திரம் அப்படியே செல்லுபடியாகும், ஆனால் திசை மாறிச் செல்லும். 32 பாகை உஷ்ணமும் நூற்றுக்கு 75 பங்கு ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்று 27 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராக அரும்பத் தொடங்கிவிடும். குளிர்சாதனத்தை 24 பாகையில் வைத்த அறையின் சுவரும் அலமாரியும் அந்த 27 பாகைக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆதலின், அங்கே உள்ளிருந்து வெளியே போகும் நீராவி இங்கே வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அங்கே உட்புறத்தில் பிளாஸ்டிக் தாள் வைத்தது போல் இங்கே உட்சுவரில் வினைல் தாளை ஒட்டினால், அதன் பின்புறமே நீர் அரும்பும் இடமாகிவிடும். அமெரிக்காவின் ஈரமும் வெப்பமும் மிகுந்த தென்கரையில் பல ஓட்டல்கள் இத்தகைய வினைல் தாளுக்குப் பின்னால் பூஞ்சணத்தை வளர்த்துப் பாடம் படித்திருக்கின்றன. குளிர்தேசத்துச் சுவரின் படத்தைப் பார்த்து நம் ஊரில் கட்டுபவர் அந்தப் படத்தை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி வாசிக்க வேண்டும்.

மற்றொரு விஷயத்தில் நம் முன்னோர் பெருமைக்குரியவர்கள். லிஸ்டிபுரெக் சிறந்த சுவர் என்று வர்ணிப்பதில், பாரந்தாங்கும் பகுதி உட்புறத்திலும், அதற்கு வெளியே நீரையும் காற்றையும் தடுக்கும் படலமும், அதற்கும் வெளியே உஷ்ணத்தைத் தடுக்கும் போர்வையும், எல்லாவற்றுக்கும் புறத்தே வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்ளும் மேற்பரப்பும் அமைந்திருக்கும். அச்சுவரைப் படுக்க வைத்தால் அதுவே சிறந்த கூரை என்கிறார். மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய மொட்டைமாடியை நினைத்துப் பாருங்கள்: அடியில் தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் செங்கலை நெட்டுக்குத்தாக வைத்துச் சுண்ணாம்பில் கட்டிய தளம், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த கனத்த படலம், அதற்கும் மேல் தட்டோடு. பாரந்தாங்கும் மரம் வெயிலையும் மழையையும் நேராகப் பார்ப்பதேயில்லை. இக்காலக் காங்கிரீட்டுத் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியிட்டுத் தட்டோடு பதிக்கும் வழக்கமும் இதன் வாரிசே. அதைச் செலவென்று நீக்கிவிட்டு, காங்கிரீட்டை வெயிலுக்குத் திறந்து வைப்பவர்கள் உஷ்ணத்தை மாத்திரம் விலைக்கு வாங்குவதில்லை. 10 மீட்டர் நீளமான தளம் பகலுக்கும் இரவுக்கும் 30 பாகை வேறுபட்டால் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீண்டு சுருங்குகிறது, அந்த அசைவைத் தளத்தோடு ஒட்டிய கைப்பிடிச் சுவர் தாங்கமாட்டாமல் அடியில் பிளக்கிறது.

ஆகையால், மழைக்காலத்தில் படுக்கையறை உட்கூரையில் மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி ஈரம் படர்ந்தால், மாடிக்கு ஏறிப்போய் அதற்கு நேர் மேலே விரிசலைத் தேடிக்கொண்டிருப்பதில் பயன் சொற்பம். காங்கிரீட்டினுள் நுழைந்த நீர் கம்பியையும் மின்குழாயையும் பற்றிக்கொண்டு பல அடி தூரம் நடந்து, வெளிவர வசதியான ஓர் இடத்தில் தலைகாட்டுகிறது. முதலில் பார்க்க வேண்டியவை கைப்பிடிச் சுவர் தளத்தில் வந்து அமரும் மூலையும், மழைநீர்க் குழாயின் வாயும், தண்ணீர்த் தொட்டிக்குச் செல்லும் குழாய்கள் தளத்தைத் துளைக்கும் இடங்களுந்தான். வான்கூவரில் 46 கட்டடங்களைச் சோதித்தவர்களும் இத்தகைய சந்திப்புகளிலேதான் நீரைக் கண்டுபிடித்தார்கள். அவ்விடங்களைச் சீர்செய்து, தளம் நன்றாகக் காயும்வரை சில வெயில் நாட்கள் பொறுத்திருந்து, அதன் பிறகே உட்கூரைக்கு வர்ணம் பூச வேண்டும். ஈரம் உள்ளிருக்கும்போதே பூசிய வர்ணம் அடுத்த மழைவரைகூட நிற்காமல் கொப்புளித்து உதிர்ந்துவிடும்.